கோபத்துக்கும் ஒரு விலாசம் உண்டு



நம்மை ஒருத்தர் ஏமாத்திட்டா என்ன செய்யணும்? கேட்கணுமா, விட்டுடணுமா? "எல்லாம் அவன் செயல், அவன் பார்த்துக்குவான்"னு கும்பிட்டுட்டு நகர்றது பக்தியா, பயமா? நியாயம் கேட்கிறேன்னு தெருவே வேடிக்கை பார்க்கக் கத்துறது வீரமா, வெறும் கோபமா?

இதைப் பெரிய பெரிய உதாரணம் வைத்துப் பேச வேண்டாம். நம்மில் பலருக்கு நடந்த, நடக்கப்போகிற ஒரு சின்ன விஷயத்தை வைத்தே யோசிக்கலாம். வீடு மாத்துறது.

*நம்பி ஒப்படைக்கிற நாள்*

வீடு மாத்துறதுன்னா நம்ம வீடுகளில் அது வெறும் சாமான் ஏத்தி இறக்குற வேலை இல்லை. ஆடியும் மார்கழியும் வேண்டாம்னு பெரியவங்க நாள் பார்ப்பாங்க. புது வீட்டுக்குள் முதலில் போவது சாமி படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி, ஒரு குடம் தண்ணீர். பால் காய்ச்சிய பிறகுதான் மற்ற சாமான் உள்ளே வரும். அந்த முருகன் படத்தையும் வேலையும் யாரும் லாரியில் ஏத்த மாட்டாங்க. மஞ்சள் துணியில் சுத்தி மடியில் வைத்துக்கிட்டுதான் போவோம்.

மீதி எல்லாத்தையும்? முன்பின் தெரியாத நாலு பேரிடம் கொடுத்துடுறோம். பீரோ, கட்டில், துணிமணி, குழந்தையோட பொம்மை, தாத்தா போட்டோ எல்லாமே. ஒரு குடும்பத்தோட பத்து இருபது வருஷ வாழ்க்கை ஒரே லாரியில் ஏறுது. கதவைச் சாத்தித் தார்ப்பாயைக் கட்டிட்டா, அந்த வாழ்க்கை இப்போ வேற ஒருத்தர் கையில்.

இவ்வளவு பெரிய நம்பிக்கையை இவ்வளவு சுலபமாக நாம் வேறு யாரிடமும் வைக்கிறதில்லை. அதனால்தான் அது உடையும்போது வலியும் அதிகம்.

*அக்கா வீட்டில் நடந்தது*

போன மே மாதம் என் அக்கா குடும்பம் கோவையிலிருந்து சென்னைக்கு மாறினாங்க. மாமாவுக்கு வேலை மாற்றல். இணையத்தில் ஒரு தளத்தில் போன் நம்பரைப் போட்டதும், அரை மணி நேரத்தில் ஏழெட்டு கம்பெனிக்காரங்க கூப்பிட்டாங்க. அதில் ரொம்ப மரியாதையாகப் பேசின ஒருத்தர் 22,000 ரூபாய்க்கு ஒத்துக்கிட்டார். "பேக்கிங், ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, டோல், மாடி எல்லாம் அதுலயே அடக்கம் சார். மறுநாள் காலைல உங்க வாசல்ல வண்டி நிக்கும்." மாமா அதை வாட்ஸ்அப்பிலும் எழுதி வாங்கினார். முன்பணம் 5,000.

சாமான் ஏறுச்சு. மறுநாள் வரல. அதுக்கு அடுத்த நாளும் வரல. "குடோன்ல இருக்கு", "வண்டி மாத்தி ஏத்துறோம்", "டிரைவருக்கு உடம்பு சரியில்ல". அக்கா குடும்பம் காலி வீட்டில் பாயை விரிச்சுப் படுத்து, ஹோட்டலில் சாப்பிட்டாங்க. அஞ்சாவது நாள் மதியம் ரெண்டு குட்டி யானை வந்து நின்னுச்சு. உதவிக்கு நானும் போயிருந்தேன்.

டிரைவர் இறங்கி வந்து சொன்னார்: "சார், சாமான் ஜாஸ்தின்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. பாக்கி 17,000, அதுக்கு மேல 14,000. இந்த நம்பருக்குப் போடுங்க. போட்டாதான் தார்ப்பாயை அவிழ்க்கச் சொல்லியிருக்காங்க."

மாமா அந்த மரியாதைக்காரருக்குப் போன் அடிச்சார். ஸ்விட்ச் ஆஃப். ஆபீஸ் நம்பர் அடிச்சுக்கிட்டே இருக்கு, எடுக்க ஆள் இல்லை.

அப்புறம் நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். மாமாவோட அஞ்சு நாள் கோபமும் அந்த வாசலில் கொட்டுச்சு. யார் மேல? வண்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்த மூணு லோடுமேன்கள் மேல. "திருட்டுப் பசங்களா, ஊரை ஏமாத்திப் பிழைக்கிறீங்களாடா?" அதில் சின்னவனுக்கு இருபது வயசு இருக்கலாம். பீகார் பையன். தமிழ் தெரியாது. ஆனா அந்த வார்த்தை அவனுக்குப் புரிஞ்சுது. எழுந்து நின்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டான். ராத்திரி முழுக்க வண்டியில் சாமான் மேலேயே படுத்து வந்தவன். அக்கா ஒரு சொம்பு தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தா.

கடைசியில் பணத்தைப் போட்டுத்தான் சாமானை எடுத்தாங்க. ரெண்டு மாடி, பீரோவை முதுகில் கட்டி ஏத்தினது அதே பையன்தான். பிரிச்சுப் பார்த்தா கிரைண்டர் கல் விரிசல், டிவி திரையில் கோடு, அட்டைப்பெட்டி ரெண்டு குறையுது. அம்மாவோட தையல் மெஷின் சக்கரம் ரெண்டாக உடைஞ்சு கிடந்துச்சு. எங்க அம்மா ஜாக்கெட் தைச்சுத்தான் அக்காவையும் என்னையும் படிக்க வைச்சாங்க. அந்த மெஷினைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டா சில நூறு ரூபாய் தருவார்.

*யார் செஞ்சது?*

நிதானமாக யோசிச்சுப் பாருங்க. இந்த வேலையில் எத்தனை கை இருக்கு? போனில் விலை சொன்னவர் ஒருத்தர். அவருக்குச் சொந்தமாக லாரியே இல்லாமல் இருக்கலாம், ஆர்டரைப் பிடிச்சு இன்னொருத்தருக்குக் கைமாத்தி விடுறவராக இருக்கலாம். ஏத்தினவங்க வேற, குடோனில் வைச்சவங்க வேற, ஓட்டினவர் வேற, இறக்கினவங்க வேற. உடைஞ்ச சக்கரத்தைக் காட்டி யாரைக் கேட்டாலும் "நான் இல்ல சார்"னு சொல்லலாம். ஒவ்வொருத்தரும் பாதி உண்மைதான் சொல்வாங்க. முழுப் பொய்யையும் ஒரு ஆள் சொல்ல வேண்டியதே இல்லை. பத்துப் பேராகப் பிரிச்சுட்டா பாவம் யார் தலையிலும் கனமாக உட்காராது.

விலையைச் சொன்ன ஆளை நாம் பார்த்ததே இல்லை. கண்ணுக்கு எதிரில் நிக்கிறது, அந்த விலையில் ஒரு ரூபாய்கூட முடிவு பண்ணாதவன். அன்றாடக் கூலிக்கு வந்தவன். நம்ம கோபம் அவன் மேல் விழுறதுக்கு ஒரே காரணம், அவன் பக்கத்தில் இருக்கான், திருப்பிப் பேச மாட்டான்.

இது வீடு மாத்துறதில் மட்டும் நடக்கிறதில்லை. ஆப் தப்பான கணக்குக் காட்டினா டெலிவரி பையனைத் திட்டுறோம். வங்கி போட்ட விதிக்குக் கவுண்டர் பொண்ணைத் திட்டுறோம். பஸ் வரலைன்னா, வந்த பஸ்ஸோட கண்டக்டரைத் திட்டுறோம். திட்டி முடிச்சதும் மனசு லேசாயிடும். நியாயம் கேட்டாச்சுங்கிற திருப்தியும் வந்துடும். தப்பு செஞ்ச ஆளுக்கோ நாம் கோபப்பட்ட விஷயமே தெரியாது.

கோபம் தப்புன்னு நான் சொல்ல வரலை. அநியாயத்தைப் பார்த்துக் கோபமே வராதவங்க சாமி மாதிரி ஆயிட்டாங்கன்னு அர்த்தம் இல்லை, மரத்துப் போயிட்டாங்கன்னும் இருக்கலாம். கோபம் ஒரு தபால் மாதிரி. எழுதினா மட்டும் போதாது, சரியான விலாசத்துக்குப் போகணும். பக்கத்து வீட்டில் போட்ட தபால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தொந்தரவு.

இதோட மறுபக்கமும் உண்டு. "பாவம், அந்தப் பசங்க என்ன பண்ணுவாங்க, விடு"ன்னு சிலர் அப்படியே முடிச்சுடுவாங்க. பையன் மேல் இரக்கம் சரிதான். ஆனா அந்த இரக்கத்துக்குப் பின்னால் கம்பெனி ஒளிஞ்சுக்கக் கூடாது. நம்ம வசவை வாங்கிக்கட்டும்னு வாசலில் அவனை நிறுத்திட்டுப் போனை அணைச்சு வைச்சதும் அவங்கதான். நமக்குச் செஞ்ச அநியாயத்தோட சேர்த்து, அவனுக்கும் ஒரு அநியாயம் செஞ்சிருக்காங்க.

*அடைக்கலப் பொருள்*

"எங்க தப்பு இல்ல, குடோன்காரன் தப்பு"ன்னு கம்பெனி சொன்னா அது பதிலாகுமா?

சிலப்பதிகாரத்தில் மாதரின்னு ஒரு இடைக்குல மூதாட்டி வர்றாங்க. மதுரைக்கு வந்த கண்ணகியைக் கவுந்தியடிகள் அந்த அம்மாவிடம்தான் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். 'அடைக்கலக் காதை'ன்னு அந்தப் பகுதிக்கே பேர். அப்புறம் கோவலன் கொலையானதும், கண்ணகி மதுரையை எரிச்சதும் நமக்குத் தெரியும். அதில் மாதரி செஞ்ச தப்பு என்ன? ஒண்ணுமில்லை. பொய் சொன்னவன் பொற்கொல்லன். விசாரிக்காமல் தண்டிச்சவன் அரசன். ஆனாலும் நம்பி ஒப்படைச்சதைக் காப்பாத்த முடியலையேன்னு அந்த அம்மா தீயில் விழுந்து உயிரை விட்டுடுறாங்க.

நாம் யாரும் அந்த முடிவுக்குப் போக வேண்டியதில்லை, போகவும் கூடாது. ஆனா அந்த மனசைப் பாருங்க. "நான் செய்யலை"ங்கிறது ஒரு கேள்விக்குத்தான் பதில். "உன்னை நம்பித்தானே கொடுத்தாங்க?"ங்கிறது இன்னொரு கேள்வி. அதுக்கு அந்தப் பதில் செல்லாது. ஒப்படைச்ச பொருளை வாங்கிக்கிட்டவருக்குத் தன் கை செஞ்ச தப்புக்கு மட்டுமில்லை, தன் பொறுப்பில் நடந்த தப்புக்கும் பதில் சொல்லும் கடமை இருக்கு.

இன்றைய சட்டமும் இதையேதான் சொல்லுது. பாரதிய நியாய சன்ஹிதா 316-ஆவது பிரிவு நம்பிக்கை மோசடி பற்றியது. அதில் சாதாரண ஆள் செய்கிற மோசடியை விட, சரக்குக் கொண்டுபோகிறவராகப் பொருளை வாங்கிக்கொண்டு செய்கிற மோசடிக்குத் தண்டனை அதிகம், 7 ஆண்டு வரை சிறை. சுமந்து போகிறேன்னு வாங்கினவர் மோசம் செஞ்சா அது கூடுதல் குற்றம்.

*எல்லாம் அவன் செயலா?*

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். அன்னைக்கு ராத்திரி உறவுக்காரங்க எல்லாரும் போனில் சொன்னது ஒண்ணுதான்: "விடும்மா, திருஷ்டி கழிஞ்சதுன்னு நினைச்சுக்கோ. எல்லாம் முருகன் செயல்."

ஒரு சுவாரசியமான விஷயம் சொல்றேன். லாரியில் சரக்குக் கொண்டுபோகிறவங்களுக்கான 2007-ஆம் வருஷத்து மத்திய சட்டத்தில் 'கடவுளின் செயல்'னே ஒரு வார்த்தை இருக்கு. சரக்கு தொலைஞ்சாலோ சேதமானாலோ கொண்டுபோனவரே பொறுப்பு, ஆனா கடவுளின் செயல், போர், கலவரம், அரசு உத்தரவு போன்ற சில காரணங்களுக்கு மட்டும் விலக்கு. வெள்ளம், நிலநடுக்கம் மாதிரி மனுஷன் கையில் இல்லாததைத்தான் சட்டம் கடவுள் கணக்கில் எழுதுது. கயிறு சரியாகக் கட்டாதது, ஒரு விலை சொல்லி வாசலில் இன்னொரு விலை கேட்டது, போனை அணைச்சு வைச்சது, இதெல்லாம் மனுஷன் கணக்குதான்.

சட்டத்துக்கே இந்தத் தெளிவு இருக்கும்போது நமக்கு வேண்டாமா? மனுஷன் செஞ்ச அயோக்கியத்தனத்தை எடுத்து முருகன் பேரில் எழுதுறது அவனுக்குப் பெருமை சேர்க்குமா? கந்தபுராணத்தில் சூரபத்மன் மேல் வேல் உடனே பாயலை. முதலில் வீரபாகு தூது போனார். இதுதான் நீ செஞ்சது, இதை நிறுத்துன்னு நேருக்கு நேராகச் சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம். முருகன்கூட வாயைத் திறக்காமல் பொறுத்துப் போகலை, விசாரிக்காமல் அடிக்கவும் இல்லை.

நம்ம ஊரில் அந்தத் தூதுக்குப் பேர் நோட்டீஸ். மாமா ஒரு வாரம் கழிச்சு, சூடு ஆறின பிறகு, உட்கார்ந்து எழுதினார். என்ன தேதி, என்ன பேசினது, எவ்வளவு கொடுத்தது, என்ன உடைஞ்சது, என்ன காணோம். வசவு ஒரு வார்த்தைகூட இல்லை. பில்லில் இருந்த விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் போச்சு.

*நம்ம பட்டியலும் சுத்தமா இருக்கணும்*

அதை எழுதும்போது ஒரு சோதனை வந்துச்சு. பீரோவில் பழைய கீறல் ஒண்ணு இருக்கு, மூணு வருஷத்துக்கு முன்னாடி விழுந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார், "அதையும் சேர்த்து எழுதுங்க தம்பி. அவங்க மட்டும் யோக்கியமா? பத்து கேட்டாதான் அஞ்சு கிடைக்கும்."

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நாம் ஏமாந்தவங்க, அவங்க ஏமாத்தினவங்க, ஒரு கீறலில் என்ன வந்துடும்? ஆனா யோசிங்க. நமக்கும் அந்தக் கம்பெனிக்கும் இப்போ இருக்கிற ஒரே வித்தியாசம் என்ன? பலம் அவங்க பக்கம், பணம் அவங்க பக்கம். உண்மை மட்டும்தான் நம்ம பக்கம். அதையும் ஒரு கீறலுக்கு வித்துட்டா, ரெண்டு பேரும் ஒரே கடையில் பேரம் பேசுற ஆளுங்களாயிடுறோம். நடைமுறையிலும் அப்படித்தான். பத்து வரியில் ஒண்ணு பொய்னு தெரிஞ்சா மீதி ஒன்பதையும் யாரும் நம்ப மாட்டாங்க.

அக்கா அந்தக் கீறலை எழுத விடலை. தையல் மெஷினுக்கும் அவ புது மெஷின் விலை போடலை. "சக்கரம் மாத்த ஆகுற செலவை மட்டும் எழுதுங்க. அதுக்கு மேல உள்ளதை அவங்களால கொடுக்க முடியாது"ன்னு சொன்னா. அதைக் கேட்டு நாங்க யாரும் கொஞ்ச நேரம் பேசலை.

மூணு வாரம் கழிச்சுக் கம்பெனியிலிருந்து போன் வந்துச்சு. கூடுதலாக வாங்கின 14,000-இல் பாதியைத் திருப்பிக் கொடுத்தாங்க. காணாமல் போன பெட்டிக்கும் உடைஞ்சதுக்கும் இன்னும் பதில் இல்லை. அது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகுது.

*மன்னிக்கிறது யாரோட உரிமை?*

"பாதி வந்துடுச்சே, மன்னிச்சு விட்டுடலாமே"ன்னு கேட்கலாம். மன்னிப்பு பெரிய குணம்தான், மறுக்கலை. ஆனா எனக்கு நடந்ததைத்தான் நான் மன்னிக்க முடியும். அடுத்த மாசம் இதே கம்பெனியிடம் சாமானைக் கொடுக்கப் போற குடும்பத்துக்காக நான் மன்னிக்க முடியாது. அந்த உரிமை எனக்கு இல்லை. நாம் பேசாமல் விடுற ஒவ்வொரு தடவையும், அடுத்த வாசலில் இன்னொரு தார்ப்பாய் அவிழாமல் நிக்குது. இன்னொரு இருபது வயசுப் பையன் யாரோ ஒருத்தர்கிட்ட திட்டு வாங்குறான்.

அதனால் மனசில் பகையை இறக்கி வைங்க, அது நம்ம உடம்புக்கும் நல்லது. கையில் இருக்கிற கடிதத்தை இறக்கி வைக்காதீங்க. பகை இல்லாமலும் வழக்குப் போட முடியும். சொல்லப்போனா பகை இல்லாதவங்கதான் அதைக் கடைசி வரை பொறுமையாக நடத்துவாங்க.

*கையில் வைத்துக்கொள்ள*

இதே நிலைமை உங்களுக்கோ தெரிஞ்சவங்களுக்கோ வந்தா:

1. விலையையும் அதில் எதெல்லாம் அடக்கம்ங்கிறதையும் எழுத்தில் வாங்குங்க. பொருள் பட்டியலில் 'அட்டைப்பெட்டி 30' என்று மட்டும் போட விடாதீங்க, உள்ளே என்ன இருக்குன்னு எழுதுங்க. விலை உயர்ந்த பொருளோட மதிப்பை ஏத்துறதுக்கு முன்னாடியே எழுதிக் கொடுங்க. இல்லைன்னா சட்டப்படி கிடைக்கிற ஈடு ஒரு வரம்புக்குள்தான் இருக்கும்.

2. நகை, பத்திரம், சான்றிதழ், சாமி படம் உங்க கையிலேயே இருக்கட்டும்.

3. வாசலில் பணம் கேட்டு மிரட்டினா, வேற வழி இல்லாமல் கொடுக்கிறதில் அவமானம் ஒண்ணும் இல்லை. "கட்டாயத்தின் பேரில் கொடுக்கிறேன்"னு அதே நிமிஷம் ஒரு மெசேஜ் அனுப்புங்க, ரசீது கேளுங்க. கட்டாயத்தில் கொடுத்தது சம்மதம் ஆகாது.

4. பிரிக்கும்போதே போட்டோ, வீடியோ எடுங்க. சேதத்தை அவங்க ரசீதிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க.

5. எழுத்து மூலமான நோட்டீஸ், புக் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் போகணும்.

6. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்க குடியிருக்கிற ஊரிலேயே புகார் கொடுக்கலாம். காலக்கெடு 2 வருஷம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை.

7. இறக்க வந்தவங்களுக்கு முதலில் தண்ணி கொடுங்க.

கடைசியாக இருக்கிற ஏழாவது, சட்டத்தில் எங்கேயும் இல்லை. ஆனா மற்ற ஆறையும் நாம் எந்த மனசோட செய்யுறோம்ங்கிறதை அதுதான் காட்டும். உடைஞ்ச பொருளுக்குக் கணக்குக் கேட்கிற அதே கை, சுமந்து வந்தவனுக்குச் சொம்பையும் நீட்ட முடியும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு விரோதம் இல்லை. யாருக்கு எதைக் கொடுக்கணும்னு தெரிஞ்சா போதும்.

அடுத்த தடவை கோபம் வரும்போது, வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் எதிரில் நிக்கிறவரைப் பாருங்க. இந்தக் கோபம் இவருக்கு எழுதினதுதானா?

வீடு மாறப் போற யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா அவங்களுக்கு அனுப்பி வைங்க.